நாடகாசிரியனும் நண்பர் குழுவும்

கொடிகாமம் என்றவுடன் சிலருக்குச் சந்தை நினைவுக்கு வரும். சிலருக்குத் தென்னந்தோப்பு நினைவுக்கு வரும். வடமராட்சி மக்களுக்கோ அது முதலில் ஒரு புகையிரத நிலையம். பருத்தித்துறையிலிருந்து வரணியூடாக வரும் வீதி கண்டி வீதியைச் சந்திக்கும் இடத்தில் இறங்கி, பெட்டியையும் பாயையும் சுமந்துகொண்டு கொழும்பு வண்டிக்குக் காத்திருந்த தலைமுறைகள் பல. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை போடப்பட்ட இருப்புப்பாதை 1902ஆம் ஆண்டிலேயே பளை வரை நீண்டது. 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வடபகுதிப் பாதை முழுமை பெற்றது. அதன் பின்னர் படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் யாழ்ப்பாணத்திலிருந்து வண்டியேறித் தெற்கே போன இளைஞர் அனைவரும் கொடிகாமத்தைக் கடந்தே போயினர். தமிழ் நாடகத்தின் கதையிலும் அந்தப் பாதைக்கு ஒரு பங்கு உண்டு. அது யாதெனக் காணுமுன், நாடகம் எழுதப் புகும் ஓர் இளைஞனுடைய இடர்ப்பாட்டைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கவிதை எழுதுபவனுக்குத் தாளும் பேனாவும் போதும். சிறுகதை எழுதுபவன் அதனை ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவைத்துவிட்டுக் காத்திருக்கலாம். வெளிவராவிட்டாலும் கதை கதைதான். நாடகம் அத்தகையதன்று. கொப்பியில் எழுதி முடித்த நாடகம் அரைவாசி நாடகமே. அதனைப் பேசுவதற்கு வாய்கள் வேண்டும். நடப்பதற்குக் கால்கள் வேண்டும். நிற்பதற்கு ஒரு மேடை, எரிவதற்கு ஒரு விளக்கு, இருந்து பார்ப்பதற்குச் சனம் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பணமும் வேண்டும். இருபது வயது நிரம்பாத ஒருவனுக்கு இவை எங்கிருந்து வரும்?

தென்மராட்சிக் கிராமத்தில் இவற்றிற் பல இருந்தன என்பது கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அம்மன் கோயில்களின் முன்றலில் காத்தவராயன் கூத்து விடியும் வரை நடப்பது வழக்கம். நடிப்பவர் அயலவர்; பார்ப்பவரும் அயலவர். ஆரியமாலாவாக வேடந்தரித்தவன் பகலில் தோட்டத்தில் தண்ணீர் இறைத்தவன் என்பது எல்லார்க்கும் தெரியும். அண்ணாவியார் ஒருவர் பழக்குவார். ஊர் கூடிச் செலவைப் பொறுக்கும். மேடையும் உண்டு, நடிகரும் உண்டு, சனமும் உண்டு. புதிதாக எழுதுபவனுக்கு மட்டுமே அங்கே இடம் குறைவு. கூத்தின் பாட்டு எல்லார்க்கும் மனப்பாடம். அதனை யார் இயற்றினார் என்று கேட்பவர் இல்லை. ஆகவே கிராமத்தில் மேடை இருந்தது, ஆசிரியன் இல்லை. நகரத்திலோ, படித்த இளைஞன் கையில் பேனா இருந்தது, மேடை இல்லை. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு பாலம் எவ்வாறு அமைந்தது என்பதை அறியச் சென்னைக்குச் சென்று திரும்ப வேண்டியிருக்கிறது.

1873ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். தந்தை விசயரங்க முதலியார் கல்வித் திணைக்களத்தில் பரிசோதகராகக் கடமையாற்றியவர். தமிழ்ப் புத்தகங்களை வெளியிட்டவர். ஆகவே வீட்டில் நூல்களுக்குக் குறைவில்லை. ஆங்கில நாடகங்களை, சிறப்பாகச் சேக்ஸ்பியரை, மகன் ஆசையோடு கற்றார். ஆனால் தமிழ் நாடகம் என்றால் அவருக்கு ஓர் அருவருப்பு. இதனை மறைத்துப் பேசியவரல்லர் அவர். பதினெட்டு வயது வரை தமக்குத் தமிழ் நாடகத்தில் வெறுப்பே இருந்தது என்பதைப் பிற்காலத்தில் தம் நினைவு நூலில் வெளிப்படையாகவே எழுதிவைத்தார். பின்னாளில் தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்பட்டவர் இவ்வாறு தொடங்கினார் என்பது வியப்புக்குரியதன்று. வெறுப்பும் ஒருவகைக் கவனிப்பே. ஒன்றை முற்றாகப் புறக்கணிப்பவனுக்கு அதன்மேல் வெறுப்பு வருவதில்லை.

அக்காலத்து மேடையை எண்ணினால் அவருடைய வெறுப்புக்குக் காரணம் விளங்கும். இரவு தொடங்கும் நாடகம் சேவல் கூவும் வரை நீளும். அரசனும் பாடுவான், அவனைக் கொல்ல வந்தவனும் பாடுவான், கொல்லப்படுபவன் இறுதி மூச்சிலும் ஒரு விருத்தம் பாடிவிட்டே விழுவான். கதைக்கும் பாத்திரத்துக்கும் பொருந்துகிறதோ இல்லையோ, கைதட்டலுக்காகப் பாட்டுப் பெருகும். இதில் குறை காண்பது எளிது. ஆயினும் இந்த மேடையிலும் ஓர் ஆற்றல் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் போன்ற பெருங்கலைஞர் அதனைத் திருத்தி வளர்த்தமையை மறத்தலாகாது. படித்த இளைஞனுடைய கண்ணுக்கு அந்த ஆற்றல் தெரியவில்லை; அங்குள்ள குழப்பமே தெரிந்தது. அன்றியும், நடிப்பவனைக் கூத்தாடி என்று இழித்துப் பேசும் சமுதாயத்தில், கல்லூரி மாணவன் ஒருவன் மேடையேறுவதை எந்தக் குடும்பம் விரும்பும்?

1891ஆம் ஆண்டில் ஒரு மாற்றம் நேர்ந்தது. பெல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை என்னும் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதன் தலைவர் கிருஷ்ணமாசார்லு ஒரு வழக்கறிஞர். அவரே நாடகம் எழுதினார், அவரே நடித்தார். அவரோடு நடித்தவர்களும் கூலிக்கு ஆடியவரல்லர். கற்றவர்கள், மதிப்புடைய தொழில் புரிந்தவர்கள். சம்பந்தம் அதனைச் சென்று பார்த்தார். நாடகத்தின் மொழி தெலுங்கு; தமிழ் இளைஞனாகிய அவருக்கு அதன் சொல்லைக் காட்டிலும் மேடையில் நின்றவர்களே பாடமாயினர். இவர்கள் தெலுங்கிற் செய்வதைத் தமிழிற் செய்வதற்கு என்ன தடை என்னும் கேள்வி மனத்தில் எழுந்தது.

இவ்விடத்தில் அவர் செய்த செயலே அவருடைய வாழ்வின் திறவுகோல் எனலாம். வேறு ஓர் இளைஞனாயின் வீட்டிற்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நாடகம் ஒன்றை எழுதத் தொடங்கியிருப்பான். சம்பந்தம் முதலில் நாடகம் எழுதவில்லை. நண்பர் சிலரைத் திரட்டி ஒரு சபையை அமைத்தார். 1891ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி சுகுண விலாச சபை தோன்றிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. கையில் நாடகமும் இல்லை, பணமும் இல்லை. நண்பர் குழு ஒன்றே இருந்தது. சபை அமைந்த பின்னர், அது நடிப்பதற்கு ஏதாவது வேண்டும் என்ற தேவை பிறந்தது. அத்தேவையே அவரை நாடகாசிரியராக்கிற்று.

முதல் நாடகம் புஷ்பவல்லி. அது மேடையேறியது 1893இல். சபை தோன்றி ஏறத்தாழ ஈராண்டு சென்றுவிட்டது. இந்த ஈராண்டை விரைந்து கடந்து செல்லுதல் தகாது. பெரும் புகழ் பெற்றவர்களுடைய வரலாற்றை எழுதுவோர் முதல் வெற்றிக்கு முந்திய காலத்தை ஒரு வரியிற் சொல்லி முடித்துவிடுவர். வாழ்ந்தவனுக்கோ அது நாளும் கிழமையுமாக நகர்ந்த காலம். ஒத்திகைக்கு எல்லாரும் ஒருங்கே வந்துசேருதல் அரிது. ஒருவனுக்குப் பரீட்சை, ஒருவனுக்கு வீட்டிலே தடை. பெண் வேடம் தாங்க ஓர் ஆண்மகன் இசைய வேண்டும்; இசைந்தவன் அயலாருடைய கேலியைப் பொறுக்க வேண்டும். உடை, திரை, மண்டப வாடகை ஆகியவற்றைச் சந்தாப் பணத்தில் சமாளிக்க வேண்டும். தன்னார்வ நாடகக் குழு ஒன்றை எந்த ஊரில் எந்தக் காலத்தில் நடத்தியவரும் இத்துன்பத்தை அறிவர். யாழ்ப்பாணத்து வாசிகசாலையொன்றின் ஆண்டுவிழாவுக்காக ஒரு நாடகத்தைப் பழக்கிப் பார்த்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்தத் துன்பத்திலிருந்து அவருக்கு ஒரு நன்மையும் விளைந்தது. அவருடைய பாத்திரங்கள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. சபையில் இருப்பவன் யார், அவனுடைய குரல் எத்தகையது, அவன் எதனைச் செய்யவல்லான் என்று பார்த்தே அவர் பாத்திரங்களை வகுத்தார். அழகாகப் பெண் வேடம் தாங்கக்கூடிய சி. ரங்கவடிவேலு என்னும் நண்பர் சபையில் வந்து சேர்ந்தபின், அவருடைய நாடகங்களில் கதாநாயகிக்கு ஒரு புதிய வலிமை பிறந்தது. தலைமைப் பாத்திரத்தைப் பெரும்பாலும் தாமே ஏற்றார். தாம் எழுதிய வசனம் வாயில் வரும்போது எங்கே இடறுகிறது, எங்கே சபை நெளிகிறது என்பதை மேடையில் நின்றே உணர்ந்தார். இந்தக் கல்வி எந்த நூலிலும் இல்லை.

அவர் செய்த பெருமாற்றங்கள் இரண்டு. பாட்டு ஆட்சி செய்த மேடையில் உரைநடையை அரியணை ஏற்றினார். இரவு முழுதும் நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்துள் அடக்கினார். இன்று இவை சிறு செய்திகளாகத் தோன்றும். அன்று பாட்டுக் கேட்க வந்த சனத்தை வசனங் கேட்கச் செய்தல் எளிதன்று. 1895இல் மனோஹரா வந்தது. தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மகன் சங்கிலியாற் பிணிக்கப்பட்டு அரசவையில் நிற்கின்றான். அவனுடைய வீரம் முழுவதும் தாயின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கின்றது. இதனை எழுதியவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. தந்தையின் பிழை, தாயின் துயர், இடையில் மகனின் சினம் என்னும் இந்த மூன்று இழைகளும் தமிழ் மக்களுடைய உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. பிற குழுக்கள் அந்நாடகத்தைத் தொடர்ந்து நடித்தன. 1936இலும் 1954இலும் அது திரைப்படமாயிற்று. 1954ஆம் ஆண்டுப் படத்தின் வசனம் மு. கருணாநிதியினுடையது, நடித்தவர் சிவாஜி கணேசன். அந்த வசனத்தை இன்றும் சொல்லிக் காட்டுவோரிற் பலர், கதையின் மூலவர் ஒரு கல்லூரி மாணவர் சபையிலிருந்து எழுந்தவர் என்பதை அறியார்.

ஒருவகையில் நாடகாசிரியனுடைய விதியே அது. நடிகனை நினைப்பர், எழுதியவனை மறப்பர். சம்பந்த முதலியார் இதனை வாளாவிருந்து பொறுத்தவர் அல்லர். சட்டங் கற்று வழக்கறிஞரானவர். தம் நாடகத்தை நடிக்க விரும்புவோர் அனுமதி பெறவேண்டும், அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தவேண்டும் என்பதை வற்புறுத்தினார். எழுத்தாளனுக்கு உரிமை உண்டு என்னும் எண்ணமே புதிதாயிருந்த காலம் அது. சேக்ஸ்பியரின் நாடகங்களை அமலாதித்யன், மகபதி, வாணிபுர வணிகன் முதலிய பெயர்களில் தமிழ் உடையுடுத்தித் தந்தார். சபாபதி என்னும் வேலைக்காரனை வைத்து நகைச்சுவை நாடகங்கள் செய்தார். எழுதியவை தொண்ணூற்றுக்கு மேல். 1924 முதல் 1928 வரை சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். நீதிபதி ஒருவர் நாடகமேடையோடு உறவு கொண்டிருந்தார் என்னும் செய்தியே, கூத்தாடி என்ற பழஞ்சொல்லின் கூர்மையைப் பெரிதும் மழுக்கிவிட்டது. 1959இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1964இல் அவர் மறைந்தார்.

இனி மீண்டும் கொடிகாமம் வழியாகச் சென்ற அந்த வண்டிக்குத் திரும்பலாம்.

1889ஆம் ஆண்டு நவாலியிற் பிறந்த க. சொர்ணலிங்கம், யாழ்ப்பாணத்து இளைஞர் பலரைப் போலவே கொழும்புக்குச் சென்று வாழ்ந்தவர். 1911ஆம் ஆண்டில் சுகுண விலாச சபையார் கடல் கடந்து இலங்கைக்கு வந்தனர். கொழும்பில் அவர்களுடைய நடிப்பைச் சொர்ணலிங்கம் கண்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் பெல்லாரிக் குழு சம்பந்தத்துக்குச் செய்ததை, சம்பந்தத்தின் குழு இப்போது சொர்ணலிங்கத்துக்குச் செய்தது. அவரும் நாடகம் பார்த்து மகிழ்ந்து வீடு திரும்பியதோடு நிற்கவில்லை. நண்பரைச் சேர்த்தார். 1913இல் லங்கா சுபோத விலாச சபை கொழும்பிலே தோன்றிற்று. சம்பந்த முதலியாரைத் தம் குருவாகவே அவர் கொண்டாடினார். குருவின் நாடகங்கள் இலங்கை மேடையில் தொடர்ந்து நடைபெற்றன. வாணிபுர வணிகனில் சைலொக்கின் வேடம் தாங்கிச் சொர்ணலிங்கம் பெற்ற புகழைக் கண்டவர் பல காலம் பேசினர். கலையரசு என்னும் பட்டம் அவருடைய பெயரோடு ஒன்றாகிவிட்டது. 1968இல் ஈழத்தில் நாடகமும் நானும் என்ற நூலில் தம் அனுபவங்களை எழுதி வைத்தார். 1982இல் மறையும் வரை யாழ்ப்பாணத்து நடிகர் பலருக்கு அவர் ஆசிரியராகவே விளங்கினார்.

ஆனால் இங்கே ஒரு குறை தெரிகிறது. சபை இலங்கையது, நடிகர் இலங்கையர், நாடகமோ சென்னையிலிருந்து வந்தது. அரசவை, மந்திரி, வசந்தமண்டபம் ஆகியவற்றைக் காட்டும் அந்த மேடையில் கொடிகாமத்துச் சந்தையிற் பேசப்படும் தமிழ் ஒலிக்கவில்லை. மேடையும் நடிகரும் சனமும் ஒருங்கு கிடைத்த பின்னரும், தன் ஊரைத் தன் ஊர்ப் பேச்சில் எழுதும் ஆசிரியனுக்கு இன்னும் இடம் தேவைப்பட்டது.

அந்த இடத்தை வகுத்தவர் வடமராட்சியில் புலோலியைச் சேர்ந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. தொல்காப்பியத்தையும் கல்வெட்டையும் கற்றுணர்ந்த ஒருவர், உடையார் மிடுக்கு, முருகன் திருகுதாளம் என்று பெயரிட்டு, யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணைப் பேச்சையே நாடக வசனமாக்கினார். நான்கு நாடகங்கள் அடங்கிய நானாடகம் 1940இல் நூலாக வந்தது. நாடகம் உலக வழக்கைக் காட்டுவது. ஆகவே மக்கள் பேசும் மொழியே அதற்கு உரியது என்பது அவருடைய கொள்கை. பேச்சுமொழியில் எழுதுவதை இழிசனர் வழக்கு என்று சில பண்டிதர் பழித்த சண்டை 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் நடந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் அந்தத் துணிவைக் காட்டிவிட்டார். அவருக்கும் ஒரு குழு வாய்த்தது. அது பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் குழு. அந்த நாடகங்களை மேடையேற்றுவதில் முன்னின்ற சு. வித்தியானந்தன், பின்னர் கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்தார். 1962இல் கர்ணன் போர் பேராதனையில் அரங்கேறிய போது, அண்ணாவியாரும் பட்டதாரி மாணவரும் ஒரே களரியில் நின்றனர்.

வானொலியும் இக்காலத்தில் ஒரு மேடையாயிற்று என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். திரை வேண்டாம், உடை வேண்டாம், பெண் வேடத்துக்கு மீசை மழிக்க வேண்டாம். குரல் ஒன்றே போதும். சானா என்று நேயர் அறிந்த சண்முகநாதன் நாடகத் தயாரிப்பாளராக இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துப் பேச்சு இலங்கை வானொலியில் கூச்சமின்றி ஒலித்தது. இலங்கையர்கோனின் விதானையார் வீட்டில் தொடரைக் கேட்டவர்கள், விதானையார் தம் அயல்வீட்டிலேயே இருப்பதாக உணர்ந்தனர். மேடை கிடைக்காத எழுத்தாளர் சிலருக்கு ஒலிவாங்கி கிடைத்தது.

தென்மராட்சியிலிருந்து எழுந்த நாடகாசிரியர் இ. முருகையனுடைய வழி இந்தப் பின்னணியிலேயே விளங்கும். கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கிச் சென்றால் மீசாலையும் சங்கத்தானையும் கடந்து சாவகச்சேரி வரும். அதற்கு அணித்தானது கல்வயல். அங்கே 1935இல் பிறந்தவர் முருகையன். ஊர்ப் பாடசாலையிலும் சாவகச்சேரி இந்துக் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்து, கொழும்பு சென்று, 1956இல் விஞ்ஞானப் பட்டதாரியானார். யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். விஞ்ஞானம் கற்ற இந்தக் கவிஞர் கவிதையிலே நாடகம் எழுத விரும்பினார். விருப்பம் எளிது, நிறைவேற்றம் அரிது. சம்பந்த முதலியார் பாட்டை விலக்கி உரைநடையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. முருகையனுக்கோ நேர்மாறான வேலை. உரைநடை பழகிவிட்ட செவிக்கு மீண்டும் செய்யுளைக் கொண்டுபோக வேண்டும். ஆனால் அது பழைய விருத்தமாக ஒலிக்கலாகாது. மனிதர் பேசுவது போலவும் இருக்கவேண்டும்.

இந்த இரட்டைத் தேவையை அவர் உறுதியோடு பற்றிக்கொண்டார். பேச்சின் ஓசையே கவிதையின் உயிர் என்பதைக் கட்டுரைகளிலும் வாதாடினார், 1970இல் க. கைலாசபதியோடு சேர்ந்து கவிதை நயம் என்னும் நூலையும் எழுதினார். ஆயினும் பா நாடகம் ஒன்றைப் படித்துச் சுவைப்பவர் வேறு, அதனை மேடையேற்ற முன்வருபவர் வேறு. அச்சிலும் வானொலியிலும் வாழ்ந்த பா நாடகத்துக்கு மேடையிலே கால் முளைப்பதற்குக் காலஞ் சென்றது. அளவெட்டியைச் சேர்ந்த மஹாகவியும் இதே காத்திருத்தலை அறிந்தவர். அவருடைய கோடை 1969இல் அ. தாசீசியசின் நெறியாள்கையில் மேடையேறியது. முருகையனுடைய கடூழியத்துக்கு நா. சுந்தரலிங்கம் வாய்த்தார். உழைப்பவன்மேல் ஏற்றப்படும் கொடுமையைக் குறியீடாகக் காட்டும் அந்நாடகத்தில், செய்யுள் நடிகனுடைய உடலுக்குள் புகுந்து அசைவாயிற்று. தாளில் அடங்கியிருந்த அசையும் சீரும் மேடையில் சம்மட்டி அடியாகவும் மூச்சாகவும் மாறின. பா நாடகம் படிப்பதற்கு மட்டுமே உரியது என்று சொன்னவர்கள் அதன்பின் அச்சொல்லைக் குறைத்துக்கொண்டனர்.

சம்பந்தமும் முருகையனும் ஒருவரையொருவர் ஒவ்வாதவர். ஒருவர் நீதிபதி, மேட்டுக்குடிச் சபையின் தலைவர். மற்றவர் உழைப்பாளர் பக்கம் நின்ற கவிஞர். ஒருவர் வசனகாரர், மற்றவர் பாவலர். எனினும் நாடகத்தை முழுமையாக்கிய வழி இருவர்க்கும் ஒன்றே. முன்னவர் தம் குழுவைத் தாமே அமைத்தார். பின்னவரைச் சூழ ஒரு நண்பர் குழு அமைந்தது. தனியே நின்று எழுதி, ஒருநாள் உலகம் கதவைத் தட்டும் என்று காத்திருந்து வெற்றி பெற்ற நாடகாசிரியர் எவரேனும் உளரோ என்பது ஐயத்துக்குரியது. சேக்ஸ்பியரும் ஒரு நாடகக் கம்பனியில் நடிகராகவும் பங்காளராகவும் இருந்தவரே. தம்மோடு நடித்தவர்களை மனத்திற் கொண்டே எழுதினார். மொலியேரும் தம் குழுவோடு ஊர் ஊராக அலைந்த பின்னரே பாரிசில் இடம் பெற்றார்.

இலங்கையில் இந்த வழி இடையிற் பெரிதும் அறுந்தது. 1990இல் போரினால் வடபகுதிப் புகையிரதம் நின்றது. தண்டவாளங்கள் பெயர்ந்தன, நிலையங்கள் பாழாயின. 1995இன் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்து, கொடிகாமம் வரையில் கோயில்களிலும் பாடசாலைகளிலும் மரநிழல்களிலும் தங்கினர். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்களே தம் ஊர்களை விட்டோட நேர்ந்தது. இத்துன்பத்தின் நடுவிலும் நாடகம் அழியவில்லை. போர் தொடங்கிய ஆண்டுகளில், 1985இல், குழந்தை ம. சண்முகலிங்கத்தின் மண் சுமந்த மேனியர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைஞரால் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் நடிக்கப்பட்டு, கிராமங் கிராமமாகச் சென்றது. மண்டபத்தை மக்கள் தேடி வரட்டும் என்று இராமல், மக்கள் இருந்த வெளிக்கே நாடகம் போயிற்று. கூத்து நடந்த முன்றல்களுக்கும் படித்தவர் நாடகத்துக்கும் இடையிலிருந்த பழைய இடைவெளி அந்த இரவுகளிற் குறுகியது. அதை எழுதியவரும் நெடுங்காலம் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். நாடக அரங்கக் கல்லூரி என்னும் குழுவை 1978இல் தொடங்கியவர். அவர் 2025இல் மறைந்தார்.

முருகையன் 2009 ஜூன் மாதம் கொழும்பிலே காலமானார். அப்போது கல்வயலுக்குப் புகையிரதப் பாதை இல்லை. 2014 ஒக்டோபரில் பளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கிற்று. கொடிகாமம் நிலையத்தில் இருபத்து நான்கு ஆண்டுகளின் பின் ஒரு வண்டி வந்து நின்றது. இப்போது அதிலேறிப் போகும் இளைஞர் சிலருடைய பையில், கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களிலோ கைத்தொலைபேசியிலோ, நாடகக் காட்சிகள் இருத்தல் கூடும். எதிர் இருக்கையில் அமர்ந்திருக்கும் நண்பனுக்கு அவற்றுள் ஒன்றை வாசித்துக் காட்டுவதற்கு, கொடிகாமத்திலிருந்து கொழும்பு வரை நேரம் தாராளமாக இருக்கிறது.